ட்ரையர் எங்கே கரண்டைச் செலவழிக்கிறது, எப்படிக் குறைப்பது: ஒன்ராறியோ வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

போன தை மாதம் சின்னம்மா கூப்பிட்டார். "தம்பி, என்ர ட்ரையர் பழசாப் போச்சு. ஒரு தரம் போட்டாக் காயுதில்லை, ரெண்டு தரம் ஓட விட வேண்டிக் கிடக்கு. புதுசு ஒண்டு வாங்குவம் எண்டு பாக்கிறன்."

"கொஞ்சம் பொறுங்கோ சின்னம்மா. சனிக்கிழமை வந்து பாத்திட்டுச் சொல்லுறன்."

அந்த ட்ரையருக்குப் பன்னிரண்டு வயது. 40 டாலருக்குள் செலவழித்து, மறுபடி ஒரே ஓட்டத்தில் உடுப்பைக் காயவைக்கும் நிலைக்குக் கொண்டு வந்தோம். என்ன செய்தோம் என்பதைப் படி 3இல் எழுதியிருக்கிறேன். ஸ்காபரோவில் நான் பார்த்த வேறு சில வீடுகளிலும் இதே கதைதான். ட்ரையர் மின்சாரத்தை எதற்காகச் செலவழிக்கிறது என்று விளங்கிவிட்டால், எதில் கை வைக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

தண்ணீர்க் கணக்கு

இங்கே பெரும்பாலான வீடுகளில் இருப்பது, குழாய் வழியே காற்றை வெளியே தள்ளும் மின்சார ட்ரையர். 240 வோல்ட், 30 ஆம்ப் பிரேக்கர். உள்ளே ஒரு மோட்டர் டிரம்மையும் காற்றாடியையும் சேர்த்தே சுற்றுகிறது. அது எடுப்பது சில நூறு வாட்தான். மிச்சமெல்லாம் ஹீற்றருக்குப் போகிறது, சுமார் 5,000 வாட். வீட்டுக் காற்றை இழுத்து, சூடாக்கி, ஈர உடுப்புக்குள்ளால் விட்டு, ஆவியோடு சேர்த்து வெளியே ஊதுவதுதான் அதன் முழு வேலை.

ஒரு லீற்றர் தண்ணீரை ஆவியாக்கச் சுமார் 0.65 கிலோவாட் மணி மின்சாரம் வேண்டும். கிலோவாட் மணியை ஊர் வழக்கப்படி யூனிட் என்றே எழுதுகிறேன். சாதாரண ஹீற்றர் ட்ரையர் எதுவும் இந்த அளவுக்குக் கீழே போக முடியாது. உண்மையில் இதைவிட நிறையவே மேலேதான் நிற்கும், ஏனென்றால் சூடான காற்றில் ஒரு பங்கு வேலை செய்யாமலே குழாயால் வெளியே போய்விடுகிறது.

இதை வீட்டிலேயே அளந்து பார்த்தேன். துவாய்களும் ஜீன்ஸும் கலந்த ஒரு கூடையைத் தோய்க்க முதல் தராசில் வைத்தேன்: 5 கிலோ. வாஷரிலிருந்து எடுத்ததும் மறுபடி வைத்தேன்: 8.1 கிலோ. கையால் தொட்டால் "நல்லாப் பிழிஞ்சுதானே இருக்கு" என்று தோன்றிய உடுப்புக்குள் மூன்று லீற்றருக்கு மேல் தண்ணீர்! அதை ஆவியாக்கவே 2 யூனிட் வேண்டும். ட்ரையர் எடுத்துக்கொண்டது 3.6 யூனிட். இன்றைய சாதாரண ஃப்ரிட்ஜ் ஒன்று இரண்டு மூன்று நாளைக்கு எடுக்கும் மின்சாரம் இது.

குளிர்காலத்தில் பில்லில் தெரியாத இன்னொரு செலவும் உண்டு. ட்ரையர் நிமிடத்துக்கு 150 முதல் 200 கன அடி வரை காற்றை வெளியே தள்ளும். 180 என்று வைத்து 45 நிமிடம் ஓடினால் 8,100 கன அடி. 1,500 சதுர அடி வீட்டில், 8 அடி உயரத்துக்கு, மொத்தமாக இருப்பதே 12,000 கன அடி காற்றுத்தான். ஃபர்னஸ் சூடாக்கி வைத்த காற்றில் மூன்றில் இரண்டு பங்கு வெளியே போய், அந்த இடத்துக்குக் கதவிடுக்கு, ஜன்னலிடுக்கு எல்லாவற்றாலும் வெளிக்குளிர் உள்ளே வருகிறது. ட்ரையர் ஓடும்போது பேஸ்மென்டில் கால் குளிர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

படி 1: உங்கள் வீட்டுச் செலவை அளந்து பாருங்கள்

சுவரில் செருகும் சின்ன மின்மானி 240 வோல்ட் ட்ரையருக்கு உதவாது. ஆனால் ஒன்ராறியோவில் அநேகமாக எல்லா வீட்டிலும் ஸ்மார்ட் மீற்றர் இருக்கிறது. ஹைட்ரோ பில் (இங்கே மின்சார பில்லை அப்படித்தான் சொல்வார்கள்) அனுப்பும் நிறுவனத்தின் தளத்தில் உங்கள் கணக்குக்குள் போனால், மணித்தியாலத்துக்கு மணித்தியாலம் எவ்வளவு எடுத்தீர்கள் என்று பார்க்கலாம்.

அடுப்பு, ஏசி எதுவும் ஓடாத ஒரு நேரத்தைத் தேர்ந்து, மணி அடித்ததும் ட்ரையரைப் போடுங்கள். அடுத்த நாள் அந்த மணித்தியாலத்தின் அளவிலிருந்து அதற்கு முந்திய மணித்தியாலத்தின் அளவைக் கழித்தால் உங்கள் ட்ரையரின் கணக்கு கிடைக்கும். ஒரு ஓட்டத்துக்கு 3 முதல் 4 யூனிட் என்றால் வழக்கமானது. அதற்கு மேல் போனால், அல்லது ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓடினால், ஏதோ பிழை இருக்கிறது. இந்த இலக்கத்தை எழுதி வையுங்கள். பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் இதனோடுதான் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

படி 2: வாஷரிலேயே தண்ணீரை எடுத்துவிடுங்கள்

பணச் செலவே இல்லாமல் கிடைக்கும் மிகப் பெரிய சேமிப்பு இது. ஆனால் அதிகம் பேர் கவனிப்பதில்லை.

தண்ணீரைச் சுழற்றி வெளியேற்ற ஆகும் மின்சாரம், அதே தண்ணீரைச் சூடாக்கி ஆவியாக்க ஆகும் மின்சாரத்தில் மிகச் சின்னப் பங்கு. கடைசியாகப் பிழியும் சுற்றின் வேகத்தை வாஷரின் முகப்பில் கூட்டலாம், குறைக்கலாம். முன்கதவு வாஷர்களில் நிமிடத்துக்கு 1,200, 1,400 சுற்று வரை போகும். பலர் சத்தத்துக்குப் பயந்தோ, முதல் நாள் யாரோ வைத்த மாதிரியே விட்டோ, நடுத்தர வேகத்திலேயே காலம் முழுக்க ஓட்டுகிறார்கள்.

அதே கூடையை அடுத்த கிழமை உச்ச வேகத்தில் பிழிந்தேன். தராசு காட்டியது 7.3 கிலோ. 800 மில்லிலீற்றர் தண்ணீர் வாஷரிலேயே போய்விட்டது. ட்ரையரும் 44 நிமிடத்தில் நின்றது, முதல் முறை 58 நிமிடம். செலவு 3.6 யூனிட்டிலிருந்து 2.8க்கு வந்தது.

பட்டு, கம்பளி, மெல்லிய சட்டைகளுக்கு உச்ச வேகம் வேண்டாம். துவாய், போர்வை, ஜீன்ஸ், பிள்ளைகளின் பருத்தி உடுப்புகளுக்குத் தாராளமாக வைக்கலாம். பழைய மேல்கதவு வாஷர் என்றால், கழுவி முடிந்ததும் பிழியும் சுற்றை மட்டும் இன்னொரு தடவை ஓட விடுங்கள். சில நிமிடங்கள்தான், அதற்கான மின்சாரமும் மிகக் குறைவு.

படி 3: காற்றுப் பாதையைத் திறந்து விடுங்கள்

சின்னம்மாவின் ட்ரையருக்கு வருகிறேன். முதலில் வெளியே போய், சுவரில் இருக்கும் காற்றுவாயைப் பார்த்தேன். ட்ரையர் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வாயின் மூடி அரை அங்குலம்கூடத் திறக்கவில்லை. கையை வைத்தால் மூச்சு விட்ட மாதிரி ஒரு வெதுவெதுப்பு, அவ்வளவுதான். நல்ல நிலையில் இருந்தால் மூடி முழுதாக எழும்பி நிற்க வேண்டும், கையைத் தள்ளுகிற காற்று வர வேண்டும்.

காற்றுப் போகாவிட்டால் என்ன நடக்கிறது? ஹீற்றர் சூடாக்கிய காற்று வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நிற்கிறது. அளவுக்கு மீறிச் சூடாகும்போது பாதுகாப்பு தெர்மோஸ்டாட் ஹீற்றரை நிறுத்திவிடுகிறது. ஆறியதும் திரும்பப் போடுகிறது, மறுபடி நிறுத்துகிறது. டிரம் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். உள்ளே ஆவி நிறைந்திருப்பதால் உடுப்பிலிருந்து தண்ணீர் வெளியேறவும் மாட்டாது. மெஷின் பழுதாகிவிட்டது என்று நாங்கள் நினைப்போம். உண்மையில் அதற்கு மூச்சுத்தான் முட்டியிருக்கிறது.

செய்ய வேண்டியது இதுதான்.

ட்ரையரின் பிளக்கைக் கழற்றி, மெஷினை மெதுவாக முன்னே இழுங்கள். எரிவாயு ட்ரையர் என்றால் நீங்கள் இழுக்க வேண்டாம், லைசென்ஸ் உள்ளவரைக் கூப்பிடுங்கள். பின்னால் இருக்கும் குழாயைப் பாருங்கள். வெள்ளைப் பிளாஸ்டிக்கோ, கசங்கும் மெல்லிய ஃபாயில் குழாயோ என்றால் கழற்றி எறியுங்கள். அதன் மடிப்புகளில் லின்ட், அதாவது உடுப்பிலிருந்து உதிரும் நூல்பஞ்சு, பிடிக்கும், மெஷினைச் சுவரோடு தள்ளும்போது நசுங்கியும் போகும். சின்னம்மா வீட்டில் அதுதான் நடந்திருந்தது. நான்கு அங்குலக் குழாய், சுவருக்கும் மெஷினுக்கும் இடையில் ஒரு அங்குலத் தடிப்புக்குச் சப்பளிந்து கிடந்தது. அதற்குள்ளிருந்து எடுத்த சாம்பல் நிறப் பஞ்சை ஒரு தலையணை உறைக்குள் நிரப்பியிருக்கலாம்.

அதற்குப் பதிலாக நான்கு அங்குல உலோகக் குழாயை ஹார்ட்வேர் கடையில் வாங்குங்கள். வளைவு தேவையான இடத்தில் மட்டும் அரைவிறைப்பான அலுமினியக் குழாய். மூட்டுகளுக்கு உலோக ஃபாயில் டேப் ஒட்டுங்கள், துணி டேப் சூட்டில் கழன்றுவிடும். குழாய்க்குள் முனை நீட்டும் திருகாணி போட வேண்டாம். அந்த முனையில்தான் லின்ட் முதலில் தங்கும். பாதை எவ்வளவு குறுகியதோ, எவ்வளவு நேரானதோ அவ்வளவு நல்லது. 35 அடிக்கு மேல் போகக் கூடாது, ஒவ்வொரு 90 பாகை வளைவுக்கும் அதில் 5 அடியைக் கழிக்க வேண்டும் என்பது அமெரிக்க வீட்டுக் கட்டட விதி. இங்கேயும் அதை அளவாக வைத்துக்கொள்ளலாம். உங்கள் மெஷினின் கைநூலில் வேறு கணக்கு இருந்தால் அதைப் பின்பற்றுங்கள்.

சுவருக்குள் போகும் பகுதியை நீளமான வளையும் பிரஷால் துடையுங்கள். வெளிவாயில் பறவை வராமல் இருக்க யாராவது கம்பிவலை போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். சில மாதங்களில் அந்த வலையே லின்டால் அடைபட்டுவிடும். அடுக்குமாடிக் கொண்டோக்களில் மேல் தட்டிலோ சுவரிலோ இரண்டாவது லின்ட் பெட்டி ஒன்று இருக்கலாம். குடிவந்து பல வருடமாகியும் அது இருப்பதே தெரியாதவர்களைச் சந்தித்திருக்கிறேன். உங்கள் சலவை மூலையில் ஒரு சின்னச் சதுர மூடி தெரிந்தால் திறந்து பாருங்கள்.

பிறகு கதவடியில் இருக்கும் லின்ட் வலை. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் சுத்தம் செய்ய வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ட்ரையர் ஷீட், அதாவது உடுப்பை மென்மையாக்க உள்ளே போடும் மெழுகுத் தாள், போடுகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அந்த மெழுகு வலையில் கண்ணுக்குத் தெரியாத படலமாகப் படியும். வலையைக் குழாய்த் தண்ணீரில் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் வழிந்து கீழே போகாமல் வலை மேலேயே தேங்கினால், காற்றும் அப்படித்தான் தேங்குகிறது. சோப்பும் பழைய பல் பிரஷும் போதும்.

இதில் மின்சாரத்தைவிடப் பெரிய காரணமும் இருக்கிறது. 2008 முதல் 2010 வரையான தரவுகளை வைத்து அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் வெளியிட்ட கணக்கின்படி, அங்கே வீடுகளில் வருடத்துக்குச் சுமார் 2,900 ட்ரையர் தீ விபத்துகள். முதன்மைக் காரணம், சுத்தம் செய்யாமல் விட்டது. லின்ட் நல்ல எரிபொருள். வாடகைக்குப் பேஸ்மென்டில் இருக்கிறவர்கள் இந்த வேலையை வீட்டுக்காரரிடம் தயங்காமல் கேளுங்கள்.

குளிருக்குச் சூட்டை மிச்சம் பிடிக்கலாம் என்று குழாயை வீட்டுக்குள்ளேயே திறந்து விடுகிறவர்களும் உண்டு. செய்யாதீர்கள். ஒரு ஓட்டத்தில் மூன்று லீற்றர் தண்ணீர் பேஸ்மென்ட் சுவரில்தான் போய் நிற்கும். பிறகு பூஞ்சணம். எரிவாயு ட்ரையர் என்றால் கார்பன் மொனொக்சைட்டால் உயிருக்கே ஆபத்து.

படி 4: காய்ந்ததும் நிறுத்துங்கள்

நேரத்தைக் குறிக்கும் குமிழை 70 நிமிடத்துக்குத் திருப்பிவிட்டுப் போகிற பழக்கத்தை விடுங்கள். ஈரத்தை உணர்ந்து தானாக நிற்கும் ஓட்டம் உங்கள் மெஷினில் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். டிரம்முக்குள், பெரும்பாலும் லின்ட் வலைக்குப் பக்கத்தில், இரண்டு உலோகக் கீற்றுகள் தெரியும். ஈர உடுப்பு இரண்டிலும் படும்போது அதன் வழியே சிறு மின்னோட்டம் போகிறது. அது குறையக் குறைய, காய்ந்துவிட்டது என்று மெஷினுக்குத் தெரியும். ட்ரையர் ஷீட்டின் மெழுகு இந்தக் கீற்றுகளிலும் படியும். அப்போது கணக்குப் பிழைத்துவிடும். மாதம் ஒரு தடவை, ரப்பிங் ஆல்கஹால் நனைத்த துணியால் துடையுங்கள்.

இன்னொரு விஷயம். பருத்தி எப்போதும் தன் எடையில் 7, 8 விழுக்காடு ஈரத்தை வைத்திருக்கும். அது அறைக் காற்றோடு சமநிலையில் இருக்கும் அளவு. அதற்கும் கீழே காயவைத்தால், மடித்து அலுமாரியில் வைத்த பிறகு காற்றிலிருந்து மறுபடி இழுத்துக்கொள்ளும். மொரமொர என்று சூடாக வெளியே வரும் துவாய்க்கு, தேவையில்லாத மின்சாரம் கொடுத்திருக்கிறோம். அதோடு, நூலுக்குள் ஒளிந்திருக்கும் கடைசித் துளி ஈரம்தான் மிக மெதுவாக வெளியேறும். அந்தக் கடைசிப் பத்து நிமிடத்தில் கிடைப்பது கொஞ்சம், கொடுப்பது அதிகம்.

ஆகவே, உணரியின் அளவை "மிக உலர்ந்த" என்பதிலிருந்து ஒரு படி கீழே இறக்குங்கள். ஜீன்ஸின் இடுப்புப் பட்டியும் சட்டைக் கழுத்தும் கொஞ்சம் ஈரமாக இருக்கும்போதே எடுத்து, கதவு விளிம்பில் ஒரு மணித்தியாலம் போட்டால் சரி. உடுப்பின் ஆயுளும் கூடும். லின்ட் வலையில் சேர்வது உங்கள் உடுப்பின் நூல்தான்.

துவாய், ஜீன்ஸ் ஒரு ஓட்டம். சட்டை, பிள்ளைகளின் செயற்கை நூல் உடுப்பு இன்னொரு ஓட்டம். கலந்து போட்டால் ஒரு ஜீன்ஸுக்காக மெல்லிய சட்டைகள் அரை மணித்தியாலம் வீணாக வேகும். டிரம்மில் முக்கால் பங்குக்கு மேல் நிரப்ப வேண்டாம், இரண்டு சட்டைக்காக ஓடவும் விட வேண்டாம். இரண்டு ஓட்டத்தையும் அடுத்தடுத்துப் போட்டால் முதல் ஓட்டத்தின் சூடு வீணாகாது.

படி 5: நேரத்தைப் பாருங்கள்

இது யூனிட்டைக் குறைக்காது, பில்லைக் குறைக்கும். நேரத்துக்கு ஏற்ற விலைத் திட்டத்தில் இருந்தால், வார நாட்களில் இரவு 7 முதல் காலை 7 வரையும், சனி ஞாயிறு முழு நாளும் மலிவு. உச்ச நேர விலை அதைப்போல இரண்டு மடங்கு. குளிர்காலத்தில் உச்சம் காலை 7 முதல் 11, மாலை 5 முதல் 7. கோடையில் பகல் 11 முதல் 5. விலைகள் நவம்பர் 1இல் மாறும்.

2023 மே மாதம் தொடங்கிய அதிமலிவு இரவுத் திட்டத்தில் இரவு 11 முதல் காலை 7 வரை மிக மலிவு. ஆனால் வார நாட்களில் மாலை 4 முதல் 9 வரை அதைப்போல சுமார் 10 மடங்கு. பிள்ளைகள் பள்ளியால் வந்து, சமையலும் சலவையும் மாலையில் நடக்கும் வீட்டுக்கு இந்தத் திட்டம் நட்டத்தில் முடியலாம். மின்கார் உள்ளவர்களுக்குப் பொருந்தும்.

அதற்காக நித்திரைக்குப் போகும்போது ட்ரையரைப் போட்டுவிட்டுப் படுக்காதீர்கள். மேலே சொன்ன தீக் காரணத்தால் இதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். வாஷரை விடியலில் முடியுமாறு வைத்து, ட்ரையரைக் காலை 6 மணிக்கு, எழும்பியதும் போடுங்கள். 7 மணிக்குள் முடிந்துவிடும்.

படி 6: புதிதாக வாங்கும்போது

ஓடுகிற மெஷினை எறிந்துவிட்டு வாங்கச் சொல்லவில்லை. பழையது உண்மையாகவே நின்றுவிட்டால், ஹீட் பம்ப் ட்ரையரைக் கட்டாயம் விசாரியுங்கள். ஃப்ரிட்ஜில் இருப்பது போன்ற கம்ப்ரஸர் உள்ளே இருக்கும். அது சூடான ஈரக் காற்றை வெளியே ஊதாது. குளிர்ந்த சுருளில் ஆவியைத் தண்ணீராக்கி, அப்போது கிடைக்கும் வெப்பத்தையே திரும்பப் பயன்படுத்தும். அதனால்தான் தண்ணீர்க் கணக்கு சொன்ன அந்த 0.65 யூனிட் எல்லைக்குக் கீழே இதனால் போக முடிகிறது. சுவரில் துளை வேண்டாம், வீட்டின் சூடான காற்றும் வெளியே போகாது.

கிழமைக்கு 5 ஓட்டம் போடும் குடும்பம் என்றால் வருடம் 260 ஓட்டம். ஓட்டத்துக்கு 3.3 யூனிட் என்றால் 858 யூனிட். ஹீட் பம்பில் 1.5 என்று வைத்தால் 390. விலை கூட, நேரமும் கூட எடுக்கும், வடிகட்டிகளை ஒழுங்காகக் கழுவ வேண்டும். தனி ஆளுக்குப் போட்ட காசு திரும்ப வரக் கனகாலம் எடுக்கும். நான்கைந்து பேர் உள்ள வீட்டுக்கு நல்ல தெரிவு. சுவிட்சர்லாந்தில் 2012 முதல் இந்த வகை ட்ரையர்தான் விற்கப்படுகிறது. அங்கேயுள்ள சொந்தக்காரரிடம் கேட்டால் அனுபவம் சொல்வார்கள். கடையில் எனர்கைட் லேபிளில் வருடத்துக்கு எத்தனை யூனிட் என்று அச்சிட்டிருக்கும், இரண்டு மெஷின்களை ஒப்பிட அந்த இலக்கம் போதும்.

படி 7: கொடி

ஒன்ராறியோவின் பல புதிய குடியிருப்புகளில் ஒரு காலத்தில் முற்றத்தில் கொடி கட்டவே தடை இருந்தது. வீடு வாங்கும் ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்திருப்பார்கள். 2008 ஏப்ரலில் மாகாண அரசு அந்தத் தடைகளைச் செல்லாததாக்கியது. தனி வீடு, இணை வீடு, வரிசை வீட்டுக்காரர்கள் தரை மட்டத்தில் கொடி கட்டலாம். அயலவர் என்ன நினைப்பாரோ என்று இன்னும் தயங்குகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

உள்ளே காயப்போடுவதென்றால் குளிர்காலம் நல்ல காலம். ஃபர்னஸ் ஓடும் வீட்டில் காற்று வறண்டு, உதடு வெடிக்கும். மடக்கும் ஸ்டாண்டில் ஒரு கூடை உடுப்பைப் போட்டால் உடுப்பும் காயும், அறைக்கும் ஈரம் கிடைக்கும். ஆவியாக்கும் வெப்பத்தை ஃபர்னஸ் கொடுக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அது மின்சாரத்தைவிட மலிவான எரிவாயுச் சூடு. ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் கோக்கத் தொடங்கினால், ஈரம் கூடிவிட்டது, அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். ஜன்னல் இல்லாத பேஸ்மென்ட் அறையில் போட வேண்டாம்.

வெளிக்கொடியையும் ஐப்பசியோடு அவிழ்க்க வேண்டியதில்லை. உறைகுளிரிலும் உடுப்பு காயும். பனிக்கட்டி உருகாமலே நேராக ஆவியாகும், காற்று வறண்டு வெயிலும் இருந்தால் போதும். சின்னம்மா இதை நம்பவில்லை. மாசி மாதம் ஒரு நாள், சுழியத்துக்குக் கீழே எட்டுப் பாகையில், சித்தப்பாவின் சாறத்தைப் பின்முற்றத்தில் கொழுவிவிட்டார். மத்தியானம் எடுக்கப் போனபோது அது பலகை மாதிரி விறைத்து நின்றது. இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து குசினிக் கதிரையில் சாத்தி வைத்தார். தேத்தண்ணி குடித்து முடிய முதல் சாறம் தளர்ந்து கதிரையில் சரிந்தது. கரையில் மட்டும் கொஞ்சம் குளிர்ந்த ஈரம் இருந்தது. மிச்சமெல்லாம் காய்ந்திருந்தது.